மேல மாட்டினவர்தான் பதில் சொல்லணும்

ஆடிக் கிருத்திகை நெருங்க நெருங்க திருத்தணியோட முகமே மாறிடும். அரக்கோணம் ரோடு, சித்தூர் ரோடு, பஸ் ஸ்டாண்டு பக்கம், மலையடிவாரம்னு எங்க பார்த்தாலும் சவுக்குக் கட்டை, வளைவு, சீரியல் லைட்டு, ஃப்ளெக்ஸ். தமிழ்நாட்டுல இருந்தும் ஆந்திராவுல இருந்தும் வர்ற கூட்டம் அதுக்குக் கீழதான் நடந்து போகணும். புஷ்பக் காவடியைத் தோள்ல வெச்சிருக்குறவர் மேல எங்க பார்ப்பார்? அவர் கண்ணு அடுத்த அடி எங்க வைக்கிறதுன்னுதான் பார்க்கும். இன்னும் 365 படி ஏறணுமே.

அந்த நேரத்துல மேல இருந்து ஏதாவது விழுந்துட்டா?

"நேரம் சரியில்ல."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு, அதுவரைக்கும் சந்தோஷப்படு."

"முருகன் காப்பாத்திட்டான், ஆஸ்பத்திரி செலவைப் பார்த்துக்கிட்டு விடு."

இப்படித்தான் நாலு பேர் சொல்லுவாங்க. முருகன் காப்பாத்துறான்ங்கிறது அவங்கவங்க நம்பிக்கை, அதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆனா அந்தக் கட்டையை நட்டது யாரு? கயிறு கட்டினது யாரு? அந்த போர்டை ரெண்டே ரெண்டு ஆணியில தொங்கவிட்டது யாரு? இதை மட்டும் யாருமே கேக்க மாட்டேங்குறாங்க. அந்த எரிச்சல்லதான் இவ்ளோ நீளப் பதிவு. மேல இருந்து ஒரு பொருள் விழுந்து அடிபட்டா நஷ்டஈடு கேக்குறது உரிமை. அதுக்குச் சட்டத்துல வழி இருக்கு, அதுவும் ஒண்ணுக்கு மேல. தெரியாததாலதான் பாதிப் பேர் அந்த வழியில காலே வைக்கிறதில்ல.

முதல்ல பக்கத்து ஊருக்கே போவோம்.

அரக்கோணம் தாண்டி நெமிலி பக்கம் கீழ்வீதின்னு ஒரு கிராமம். 2023 ஜனவரி 22, ஞாயித்துக்கிழமை ராத்திரி. மண்டியம்மன் கோயில் மயிலேறு திருவிழா. அலகு குத்தினவங்க கிரேன்ல தொங்கியபடி சாமிக்கு மாலை போடுற வழக்கம். அந்த கிரேன் அப்படியே கவிழ்ந்து கூட்டத்து மேல விழுந்துச்சு. நாலு பேர் உயிர் போச்சு. கிரேன் ஓட்டினவரை போலீஸ் கைது பண்ணாங்க. வீடியோ நாடு முழுக்க ஓடுச்சு. ஒரு வாரம் எல்லாரும் பேசினாங்க.

அந்த மாதிரி விபத்துல நிறைய பேர் யோசிக்காத ஒரு விஷயம் இருக்கு. ரோட்டுல ஓடக்கூடிய கிரேன் சட்டப்படி ஒரு மோட்டார் வாகனம். அதனால வழக்கு "ஏதோ திருவிழா விபத்து"ன்னு முடிஞ்சு போகாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போற கதவும் அங்க இருக்கு. வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போது மோதினாதான் வாகன விபத்துன்னு ஒண்ணும் இல்ல. 1987ல புனே–பெங்களூர் நெடுஞ்சாலையில ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து கிடந்து, மணிக்கணக்கு கழிச்சு வெடிச்சுது. அதுல செத்தவர் குடும்பம் போட்ட வழக்குல, அது வாகனத்தோட "பயன்பாட்டால" வந்த விபத்துதான்னு 1991ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இப்போ பள்ளிக்கரணை.

2019 செப்டம்பர் 12. துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் ரோடு. வேலை முடிச்சு ஸ்கூட்டர்ல வீட்டுக்குத் திரும்பிட்டிருந்த 23 வயசுப் பொண்ணு, மென்பொருள் பொறியாளர். ரோட்டு நடுவுல, மீடியன்ல கட்டியிருந்த ஒரு கல்யாண பேனர் அவங்க மேல வந்து விழுந்துச்சு. (அப்போதைய ஆளுங்கட்சியோட முன்னாள் கவுன்சிலர் வீட்டுக் கல்யாணம்.) நிலை தடுமாறிக் கீழ விழுந்தாங்க. பின்னாடி வந்த தண்ணி லாரி ஏறிடுச்சு.

அடுத்த நாளே சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கையில எடுத்துச்சு. நீதிபதிகள் சத்தியநாராயணன், சேஷசாயி அமர்வு. இன்னும் எத்தனை உயிர் போகணும்ங்கிற தொனியில அரசைக் கடுமையா கேள்வி கேட்டாங்க. குடும்பத்துக்கு இடைக்காலமா 5 லட்சம் ரூபாய் அரசு குடுக்கணும், அந்தப் பணத்தை கண்டுக்காம விட்ட அதிகாரிங்க கிட்ட இருந்து வசூல் பண்ணிக்கலாம்னு உத்தரவு. பேனர் வெக்காதீங்கன்னு பல வருஷமா தனியாளா வழக்கு போட்டுக்கிட்டிருந்த டிராஃபிக் ராமசாமியை இங்க நினைக்காம இருக்க முடியாது. 2021 மே மாசம் காலமானார். திருத்தணியில இன்னைக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டை பிளாட்பாரத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும்போதும் அந்த மனுஷன் முகம்தான் ஞாபகத்துக்கு வரணும்.

அந்த உத்தரவுல "இடைக்கால"ங்கிற வார்த்தையை கவனிங்க. 5 லட்சத்தோட முடிஞ்சுதுன்னு கோர்ட் சொல்லல. பொண்ணோட அப்பா 1 கோடி கேட்டு மனு போட்டார். அது பேராசைன்னு யாராவது சொன்னா கோவம்தான் வருது. 23 வயசுல வேலைக்குப் போன பிள்ளையோட மீதி வாழ்நாள் வருமானத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்க, புரியும்.

நம்ம ஊர்ல நடக்குற பெரிய குழப்பமே இதுதான். சுவர் விழுந்தா, கிரேன் விழுந்தா, பேனர் விழுந்தா முதலமைச்சர் நிவாரணம் அறிவிப்பாங்க. 2019 டிசம்பர் 2, மேட்டுப்பாளையம் நடூர்ல விடியற்காலை ஒரு காம்பவுண்டு சுவர் வீடுங்க மேல சரிஞ்சு 17 பேர் செத்தாங்க. குடும்பத்துக்கு 10 லட்சம். 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி சாப்டர் பள்ளியில கழிப்பறைச் சுவர் விழுந்து 3 பசங்க செத்தாங்க. அவங்க குடும்பங்களுக்கும் 10 லட்சம். காசோலை குடுக்குற ஃபோட்டோ பேப்பர்ல வரும். அதோட "எல்லாம் முடிஞ்சுது"ன்னு ஊரும் நினைச்சுக்கும், குடும்பமும் நினைச்சுக்கும்.

முடியல. அரசு குடுத்தது கருணைத் தொகை. சுவர் யாருதோ அவர் குடுக்க வேண்டியது வேற. ஒண்ணை வாங்கினதால இன்னொண்ணைக் கேக்குற உரிமை போயிடாது.

சரி, கோர்ட்டுக்குப் போனா எதை நிரூபிக்கணும்? "அவர் அஜாக்கிரதையா இருந்தார்னு எப்படிய்யா காட்டுறது? நானே கீழ விழுந்து கிடந்தேன்"னுதான் அடிபட்டவங்க பயப்படுவாங்க. நியாயமான பயம்தான். அதுக்கு 160 வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பதில் கிடைச்சிருக்கு.

1863. இங்கிலாந்து, லிவர்பூல். ஒரு மாவுக் கடையோட மாடியில இருந்து ஒரு மாவு பீப்பாய் தெருவுல போன ஒருத்தர் மேல விழுந்துச்சு. எப்படி விழுந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது, பார்த்தவங்களுக்கும் தெரியல. கடைக்காரர், "நான் தப்பு பண்ணேன்னு நிரூபி"ன்னார். நீதிபதி பொல்லாக் ஏத்துக்கல. ஒழுங்கா வெச்சிருந்தா பீப்பாய் தானா உருண்டு வந்து தெருவுல விழாது, விழுந்ததே சாட்சி, எப்படி விழுந்துச்சுன்னு கடைக்காரர்தான் விளக்கணும். பைர்ன் – போடில் வழக்குன்னு சட்டக் கல்லூரிப் பசங்க எல்லாருக்கும் தெரியும்.

நம்ம நாட்டுலயும் அதே நியாயத்தைத்தான் கோர்ட் எடுத்துக்குச்சு. டெல்லி சாந்தினி சௌக்ல டவுன் ஹாலுக்கு எதிர்ல ஒரு மணிக்கூண்டு இருந்துச்சு. 1951ல அது இடிஞ்சு விழுந்து கீழ போனவங்க செத்தாங்க. மாநகராட்சி சொன்ன பதில்: உள்ள இருந்த பலவீனம் எங்களுக்குத் தெரியாது. 1966ல உச்ச நீதிமன்றம் அந்தப் பதிலைத் தூக்கிப் போட்டுச்சு. அந்த மணிக்கூண்டுக்கு வயசு 80. அந்த வகைச் சாந்துல கட்டினதோட ஆயுசு 40, 45 வருஷம்தான். ரோட்டை ஒட்டி ஒரு கட்டடத்தை வெச்சிருக்குறவருக்குத் தனிப் பொறுப்பு இருக்கு. பழுது கண்ணுக்குத் தெரிஞ்சதோ மறைஞ்சு இருந்ததோ, "எனக்குத் தெரியாது"ன்னு சொல்லித் தப்பிக்க முடியாதுன்னு தீர்ப்பு.

இதைப் படிச்சுட்டு உங்க தெருவுல ஒரு நடை போயிட்டு வாங்க. கம்பி வெளிய தெரியுற சன்ஷேடு எத்தனைன்னு எண்ணுங்க.

மரம் விழுந்தா? அதுக்கும் உண்டு. 1964 ஆகஸ்ட், டெல்லி. ஸ்கூட்டர்ல போனவர் தலையில ரோட்டோர மரத்தோட கிளை முறிஞ்சு விழுந்துச்சு. அடுத்த நாள் இறந்துட்டார். மரங்களை அப்பப்போ சோதிச்சுப் பார்த்து, ஆபத்தானதை வெட்ட வேண்டியது மாநகராட்சியோட கடமை, அதைச் செய்யலன்னு அவங்க மேல பொறுப்பு வெச்சாங்க. உச்ச நீதிமன்றம் இதை உறுதி பண்ணது 1999ல. ஆமா, 35 வருஷம். மறைக்க வேண்டியதில்ல, கோர்ட்டு வழி நீளமான வழிதான். இதைத் தெரிஞ்சுக்கிட்டேதான் இறங்கணும். கூடவே, எந்த வாசல்ல நுழைஞ்சா சீக்கிரம் முடியும்னும் தெரிஞ்சிருக்கணும். அதுக்கு அப்புறம் வர்றேன்.

எதிர்த்தரப்பு சொல்ற அடுத்த சாக்கு, "காத்து அடிச்சுது, மழை பேஞ்சுது, நாங்க என்ன பண்றது, கடவுள் செயல்." இதுக்கு மத்தியப் பிரதேசத்துல 1958லயே ஒரு தீர்ப்பு வந்துருச்சு. ஒரு மழை நாள்ல சுவர் இடிஞ்சு ரெண்டு குழந்தைங்க செத்துப் போச்சு. அன்னைக்குப் பேஞ்ச மழை 2.66 அங்குலம். மழைக்காலத்துல அவ்ளோ மழை பெய்யும்னு யாருக்கும் தெரியும், இதைக் கடவுள் செயல்னு சொல்ல முடியாதுன்னு உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆடி மாசம் காத்து அடிக்கும்னு தெரியாத தமிழன் உண்டா? ஆடிக் காத்துல ஃப்ளெக்ஸ் விழுந்தா அது கடவுள் மேல பழி போடுற விஷயமே இல்ல.

மும்பை காட்கோபர்ல 2024 மே 13 அன்னைக்கும் காத்துதான் அடிச்சுது. ஆனா விழுந்த விளம்பரப் பலகை 120க்கு 120 அடி. அங்க அனுமதிக்கிற அளவே 40க்கு 40தான். 17 பேர் செத்தாங்க. அதுல காத்தோட பங்கு எவ்ளோ, பலகை வெச்சவரோட பங்கு எவ்ளோன்னு நீங்களே சொல்லுங்க.

கரண்டு கம்பி விஷயத்துல சட்டம் இன்னும் கறார். 1997ல மத்தியப் பிரதேசத்துல ஒருத்தர் ராத்திரி வேலை முடிச்சு சைக்கிள்ல வரும்போது ரோட்டுல அறுந்து கிடந்த கம்பியில மாட்டி இறந்தார். யாரோ திருட்டுத்தனமா கொக்கி போட்டதால கம்பி விழுந்துச்சுன்னு மின்வாரியம் வாதாடுச்சு. இவ்ளோ ஆபத்தான பொருளை வெச்சுத் தொழில் பண்றவங்க, அஜாக்கிரதை இருந்தாலும் இல்லன்னாலும் ஈடு குடுத்தே ஆகணும்னு 2002ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

இனி நம்ம ஊர் ரோட்டுக்கு வருவோம்.

சென்னை–திருப்பதி நெடுஞ்சாலையில ராத்திரி பகல்னு ஜல்லி, எம்.சாண்ட் ஏத்தின டிப்பருங்க போகுது. மேல தார்ப்பாய் போடாம, விளிம்பு வரைக்கும் குமிச்சு. வேகத்தடையில ஏறி இறங்கும்போது ரெண்டு கல்லு தெறிக்கும். பின்னாடி பைக்ல வர்றவர் ஹெல்மெட் போடலைன்னா முகம் போச்சு. இந்த விபத்துக்குத்தான் உண்மையிலேயே சுலபமான வழி இருக்கு, ஆனா இதுலதான் யாருமே கேஸ் குடுக்குறதில்ல.

வண்டி நம்பர் தெரிஞ்சா மோட்டார் வாகனச் சட்டத்தோட 166ஆவது பிரிவுல முழு இழப்பீடு கேக்கலாம். தப்பு யாருதுன்னு சண்டை போடாம சீக்கிரம் முடியணும்னா 164ஆவது பிரிவு: இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். நம்பரே தெரியல, லாரி போயே போச்சுன்னா 161ஆவது பிரிவு: இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இந்தக் கடைசி மனுவை வருவாய்த் துறை அதிகாரிகிட்டயே குடுக்கலாம். திருத்தணியில கோட்டாட்சியர் ஆபீஸ் இருக்கு, தாலுகா ஆபீஸ் இருக்கு. வெளியூர் அலைய வேண்டாம்.

(166ல மனு போட ஆறு மாசக் கெடு 2022 ஏப்ரல்ல இருந்து சட்டத்துல வந்திருக்கு. "அப்புறம் பார்த்துக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க.)

எல்லை ஊர்ல இருக்குறவங்களுக்கு இன்னொரு குழப்பம். 1960 ஏப்ரல் 1 வரைக்கும் திருத்தணியே ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. ம.பொ.சி.யும் அவர்கூட நின்னவங்களும் போராடி வாங்கின ஊர். கோடு மாறினாலும் வாழ்க்கை இன்னும் ரெண்டு பக்கமும்தான் ஓடுது. நகரியில வேலை, புத்தூர்ல சொந்தக்காரங்க, மாசம் ஒரு தடவை திருப்பதி. லாரி ஆந்திரா நம்பர், ஓனர் சித்தூர்க்காரர், அடிபட்டது நகரியில. கேஸ் எங்க போடணும்?

வாகன விபத்துன்னா நீங்க குடியிருக்குற பகுதி தீர்ப்பாயத்துலயே போடலாம். சட்டமே அந்த வசதியைக் குடுக்குது. ஹோட்டல்லயோ கடையிலயோ காசு குடுத்து சேவை வாங்கும்போது மேல இருந்து ஏதாவது விழுந்துச்சுன்னா நுகர்வோர் வழக்கு. 2019 சட்டப்படி அதையும் உங்க மாவட்டத்துல, அதாவது திருவள்ளூர்ல போடலாம். ரெண்டு வருஷக் கெடு. நீங்க குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணமே கிடையாது. ஆனா நகரி பஜார்ல சும்மா நடந்து போகும்போது ஒரு போர்டு விழுந்துச்சுன்னா அது சாதாரண சிவில் வழக்கு. சம்பவம் நடந்த ஊர்லயோ எதிராளி இருக்குற ஊர்லயோதான் போடணும். போலீஸ் புகார் மட்டும் எந்த ஸ்டேஷன்ல வேணா குடுக்கலாம்; "எங்க லிமிட்ல வராது"ன்னு திருப்பி அனுப்பக் கூடாது. ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அவங்களே மாத்தி விடணும்.

வேலை செய்யுற இடத்துல, கட்டடத்துலயோ குவாரியிலயோ தறிக் கொட்டகையிலயோ மேல இருந்து விழுந்து அடிபட்டா அது பணியாளர் இழப்பீட்டுல வரும். (1923ஆம் வருஷத்துத் தனிச் சட்டமா இருந்தது, 2025 நவம்பர்ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிடுச்சு.) (ஈ.எஸ்.ஐ. இருந்தா அந்த வழியில வரும்.) இதுல முதலாளி தப்பு பண்ணாரான்னு தேடவே வேண்டாம், வேலையால வந்த விபத்தான்னுதான் பார்ப்பாங்க. கணக்கும் சட்டத்துலயே இருக்கு. 30 வயசுத் தொழிலாளி, மாசம் 15,000 சம்பளம், இறந்துட்டார்னா: சம்பளத்துல பாதி 7,500. 30 வயசுக்கான காரணி 207.98. பெருக்கினா 15,59,850 ரூபாய். இந்தக் கணக்கு தெரியாம ரெண்டு லட்சத்துக்கும் மூணு லட்சத்துக்கும் மேஸ்திரி முன்னாடி கைநாட்டு வெச்சுட்டுப் போற குடும்பங்களை நினைச்சா வயிறு எரியுது.

இப்போ ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். மலையடிவாரத்துல பூ கட்டி விக்கிற ஒரு அம்மா. வயசு 42. மாசம் 12,000 வருமானம்னு வெச்சுக்குவோம். கடை போர்டு விழுந்து வலது கை விரலுங்க நசுங்கிப் போச்சு. டாக்டர் 20 சதவீத ஊனம்னு எழுதிக் குடுக்குறார்.

வருஷ வருமானம் 1,44,000. அந்த வயசுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கு எண் 14. (சர்லா வர்மா வழக்கு, 2009.) சொந்தத் தொழில், 40க்கு மேலங்கிறதால எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் சேர்க்கணும். (பிரணய் சேத்தி வழக்கு, 2017.) மொத்தம் 25,20,000. அதுல 20 சதவீதம்னா 5,04,000.

ஆனா இங்கதான் வக்கீல் சரியா இருக்கணும். ராஜ்குமார் – அஜய்குமார் வழக்குல 2010லயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு: உடம்புல எத்தனை சதவீத ஊனம்ங்கிறது வேற, அதனால பிழைப்புல எத்தனை சதவீதம் போச்சுங்கிறது வேற. கை போன குமாஸ்தாவும் கை போன தச்சரும் ஒண்ணு இல்ல. பூ கட்டுறவங்களுக்கு விரல்தான் மூலதனம். பிழைப்புல பாதி போச்சுன்னு கோர்ட் ஏத்துக்கிட்டா அதே கணக்கு 12,60,000 ஆகும். இதுக்கு மேல ஆஸ்பத்திரிச் செலவு, வேலைக்குப் போகாத மாசங்களோட வருமானம், கூட இருந்து பார்த்துக்கிட்டவருக்கு ஆன செலவு, வலிக்கும் வேதனைக்கும் தனி. இது வாகன வழக்குங்களுக்காக வந்த கணக்குதான். சிவில் கோர்ட்டுங்களும் இதையே வழிகாட்டியா எடுத்துக்குறது உண்டு.

கடைக்காரர் வந்து, "அம்மா, இந்தா அஞ்சாயிரம், கட்டு போட்டுக்க"ன்னு குடுத்தா என்ன பண்றது? வாங்கிக்கலாம். வைத்தியத்துக்கு வேணும். ஆனா "இனி எந்த பாத்தியதையும் இல்ல"ன்னு எழுதின பேப்பர்ல கையெழுத்து மட்டும் போட வேண்டாம். வெத்துப் பேப்பர்லயும் வேண்டவே வேண்டாம்.

சமாதானமா போறது தப்பு இல்ல. அதுக்குச் சரியான இடம் லோக் அதாலத். அங்க பேசி முடிச்சா அது கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம், கட்டின கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். ஸ்டேஷன் வாசல்ல நாலு பேர் நின்னு பேசி முடிக்கிறதுல அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்ல.

வழக்கு நிக்கிறதும் படுக்கிறதும் முதல் நாள்லதான் இருக்கு. அடிபட்டவரால முடியாது, அதனால கூட இருக்குறவங்கதான் இதைச் செய்யணும். முதல்ல ஆஸ்பத்திரி, அதுல சந்தேகமே வேண்டாம். டாக்டர்கிட்ட "கீழ விழுந்துட்டேன்"னு சொல்லாதீங்க. "இன்ன கடை போர்டு மேல விழுந்துச்சு"ன்னு நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. ஏன்னா ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல அதுதான் ஏறும். ஏ.ஆர். காப்பின்னு அதைத்தான் நாளைக்கு கோர்ட்ல முதல்ல கேப்பாங்க. "கீழ விழுந்தேன்"னு இருந்தா அந்த ஒரு வரியே வழக்கைக் கவுத்துடும்.

கூட வந்த இன்னொருத்தர் ஃபோட்டோ எடுக்கணும். விழுந்த பொருள், அது இருந்த இடம், துருப்பிடிச்ச ஆணி, அறுந்த கயிறு எல்லாத்தையும். ஒரு மணி நேரத்துல எல்லாம் கூட்டி அள்ளிடுவாங்க. சாயங்காலமே புது போர்டு ஏறிடும். எதிர்க் கடை சி.சி.டி.வி.யில கொஞ்ச நாள்ல பழைய பதிவு மேல புதுசு ஏறிடும், அதனால அன்னைக்கே காப்பி கேளுங்க. பார்த்தவங்க ரெண்டு பேரோட ஃபோன் நம்பர். ஸ்டேஷன்ல புகார் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, எஃப்.ஐ.ஆர். போட்டா அதோட காப்பி (இலவசம்). மருந்துக் கடை பில்லுல இருந்து ஆட்டோவுக்குக் குடுத்தது வரைக்கும் ஒரு கவர்ல போட்டு வைங்க.

போலீஸ் புகார் எதுக்கு, நமக்குப் பணம்தானே வேணும்னு சிலர் கேக்குறாங்க. ரெண்டும் தனித்தனி வண்டி, ஆனா ஒண்ணு இன்னொண்ணுக்கு உதவும். அஜாக்கிரதையால உயிர் போனா பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவு, அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. கட்டடத்தை இடிக்கும்போதோ ரிப்பேர் பண்ணும்போதோ ஜாக்கிரதை இல்லாம இருந்தா அதுக்குன்னே 290ஆவது பிரிவு இருக்கு. எஃப்.ஐ.ஆர்.ல எழுதினதுதான் நஷ்டஈட்டு வழக்குக்கும் அடித்தளம்.

யார் மேல வழக்கு? போர்டு கடைக்காரருது, கட்டடம் இன்னொருத்தருது, மாட்டினது ஃப்ளெக்ஸ்காரர், அனுமதி குடுத்தது நகராட்சி. யாருன்னு தெரியலையேன்னு குழம்ப வேண்டாம். எல்லாரையும் சேர்த்தே போடலாம். யார் எவ்ளோன்னு அவங்களுக்குள்ள பிரிச்சுக்கட்டும். அரசு மேலன்னா வழக்குக்கு முன்னாடி சிவில் நடைமுறைச் சட்டம் 80ஆவது பிரிவு நோட்டீஸ் குடுத்து ரெண்டு மாசம் காத்திருக்கணும். இறப்புன்னா 1855ஆம் வருஷத்து மரண விபத்துச் சட்டப்படி ரெண்டு வருஷக் கெடு. அரசுத் துறையோ உள்ளாட்சியோ எதிர்த்தரப்புல இருந்தா ஒரு வருஷம்தான் கெடுன்னு வாதாட அவங்களுக்கு இடம் இருக்கு. அதனால சிவில் வழக்கு எதுவா இருந்தாலும் ஒரு வருஷத்துக்குள்ள போட்டுடுறது நல்லது.

உயர் நீதிமன்றத்துல நேரா ரிட் போடலாமான்னா, பள்ளிக்கரணை மாதிரி தப்பு பட்டவர்த்தனமா தெரிஞ்சா வாய்ப்பு உண்டு. யார் தப்புன்னு சாட்சி விசாரிச்சுதான் தெரியணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போன்னு சொல்லிடுவாங்க. கம்பி அறுந்து விழுந்த ஒரிசா வழக்குல 1999ல உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னுச்சு.

செலவைப் பத்தியும் சொல்லிடணும். தமிழ்நாட்டுல சிவில் வழக்குக் கட்டணம் முன்னாடி ஏழரை சதவீதமா இருந்துச்சு, 2017ல 3 சதவீதமா குறைச்சாங்க. அதுவும் கட்ட முடியாதவங்க பாப்பர் மனு போட்டுக் கட்டணம் இல்லாமலே வழக்கை ஆரம்பிக்கலாம். வக்கீலுக்குக் காசு இல்லன்னா 1987ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இருக்கு. பெண்கள், குழந்தைங்க, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிங்க, தொழிலாளருங்க, வருமானம் குறைஞ்சவங்க எல்லாருக்கும் இலவச வக்கீல். அந்தப் பூக்கார அம்மா பெண்ங்கிற ஒரே காரணத்துக்கே தகுதி உண்டு, வருமானச் சான்று கூட வேண்டாம். கோர்ட் வளாகத்துல வட்ட சட்டப் பணிகள் குழு எங்கன்னு கேளுங்க. இல்லன்னா 15100க்கு ஃபோன் போடுங்க.

சிங்கப்பூர்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கு ஒரு விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கும். அங்க அடுக்குமாடி ஜன்னல் கழண்டு விழுந்து பெரிய பிரச்சினை ஆனதும், 2004ல இருந்து ஜன்னல்ல பழைய அலுமினிய ஆணியை எடுத்துட்டு எஃகு ஆணி போடணும்னு சட்டம் ஆக்கிட்டாங்க. மாத்தலன்னா அபராதம், சிறை. விழுந்தப்புறம் ஈடு குடுக்குறதை விட விழாம பார்த்துக்குறது மேல்னு அவங்க முடிவு பண்ணிட்டாங்க. பழைய ரோமாபுரியிலயே தெருவுக்கு மேல ஆபத்தா ஒரு பொருளைத் தொங்கவிட்டா, விழறதுக்கு முன்னாடியே யார் வேணா வழக்குப் போடலாம். அபராதம் பத்துப் பொற்காசு.

நம்ம சட்டத்துலயும் அப்படி ஒரு பிரிவு இருக்கு, யாரும் பயன்படுத்துறதில்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆவது பிரிவு. (பழைய சி.ஆர்.பி.சி. 133.) ஒரு கட்டடமோ பந்தலோ மரமோ விழுந்து போறவங்க வர்றவங்களுக்குக் காயம் ஆகும்ங்கிற நிலைமையில இருந்தா, அதைச் சரி பண்ணு, இல்ல எடுன்னு கோட்டாட்சியர் உத்தரவு போடலாம். மனு குடுக்க வக்கீல் தேவையில்ல. ஒரு வெள்ளைத் தாள், ரெண்டு ஃபோட்டோ, இடத்தோட அடையாளம் போதும். நகராட்சிக்கும் ஒரு காப்பி, ரெண்டு இடத்துலயும் வாங்கினதுக்கு முத்திரை.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் பந்தக்கால் நடும்போதே உங்க தெருவுல ஒரு கட்டை ஆடுதுன்னா, அந்த மனுவை அன்னைக்கே குடுங்க. அப்படியும் எடுக்கல, அப்புறம் அது யார் மேலயாவது விழுந்துச்சுன்னா, "எங்களுக்குத் தெரியாது"ன்னு கோர்ட்ல யாரும் சொல்ல முடியாது. உங்க கையில முத்திரை குத்தின காப்பி இருக்கும்.